பால்வெளிக்கு ஆழம் கண்ட விண்கலம்: கையா திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கார்த்திகைத் தகராறு

1997இல் வானியலாளர்களிடையே ஒரு தகராறு கிளம்பியது. கார்த்திகை விண்மீன் கொத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் விவகாரம். வெறுங்கண்ணுக்கே தெரிகிற கொத்து அது. தூரம் ஏறத்தாழ 133 பார்செக், அதாவது 430 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல் என்று அதுவரை எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 1989இல் ஏவிய ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் அளவுகள் வெளிவந்தபோது, அது கிட்டத்தட்ட 118 பார்செக் என்று காட்டியது.

பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. தூரத்தின் இருமடிக்கு ஏற்ப பிரகாசக் கணக்கு மாறும். ஹிப்பார்கோஸ் சொல்வது சரியென்றால், கார்த்திகை விண்மீன்கள் நாம் நினைத்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மங்கலானவை. அப்படியானால் விண்மீன்களின் உள்ளே அணு எரியும் விதம் பற்றி நாம் எழுதி வைத்திருக்கும் கோட்பாட்டில் எங்கோ கோளாறு இருக்கவேண்டும். அல்லது விண்கலத்தின் அளவில் கோளாறு இருக்கவேண்டும். எது என்று முடிவுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

இந்தக் கட்டுரை ஹிப்பார்கோஸுக்கு அடுத்து வந்த கையா விண்கலத்தைப் பற்றியது. 2013 டிசம்பர் 19 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து சோயுஸ் ஏவுகலத்தில் கிளம்பி, 2025 ஜனவரி 15 வரை வானத்தை அளந்தது. 180 கோடிக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகளின் இடத்தைக் குறித்தது. அவற்றில் ஏறத்தாழ 147 கோடிக்குத் தூரம் காண உதவும் அளவையும் தந்தது. இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கோடிக் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் கையாவின் உண்மையான சாதனை, தன் பிழை எவ்வளவு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னதுதான். பால்வெளியின் முப்பரிமாண வரைபடம் இயற்பியலுக்கு உதவுகிறதென்றால் அதனால்தான்.

தூரம் ஏன் இவ்வளவு கடினம்

வானத்தில் திசையை அளப்பது எளிது. இரண்டு கோணங்கள் போதும். மூன்றாவது பரிமாணமான ஆழம்தான் மனிதருக்குக் கடைசியாகக் கிடைத்தது. 1785இல் வில்லியம் ஹெர்ஷல் வானத்தின் பல நூறு பகுதிகளில் விண்மீன்களை எண்ணி, எங்கே அதிகம் தெரிகிறதோ அங்கே மண்டலம் நீள்கிறது என்று வைத்துக்கொண்டு பால்வெளியின் வடிவத்தை வரைந்தார். சூரியன் கிட்டத்தட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. விண்மீன்களுக்கு இடையே தூசு இருக்கிறது, அது தொலைவில் உள்ளதை மறைக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் அதை ஐயமற நிறுவினார். இன்று சூரியன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்று அறிவோம்.

எண்ணிக்கையை நம்பாமல் தூரத்தை நேரடியாக அளக்க ஒரே வழி இடமாறு தோற்றம், சுருக்கமாக இடமாற்றம். பூமி சூரியனைச் சுற்றிவரும்போது நாம் பார்க்கும் இடம் மாறுகிறது. அதனால் அருகிலுள்ள விண்மீன், தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் ஆண்டுக்கொரு முறை சிறிய நீள்வட்டம் போடுகிறது. அந்த நீள்வட்டத்தின் பாதி நீளம் ஒரு வில்விநாடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்றால் தூரம் ஒரு பார்செக். பத்தில் ஒரு பங்கு என்றால் பத்து பார்செக். இடையில் எந்தக் கோட்பாடும் வேண்டாம். விண்மீன் எதனால் ஆனது, எவ்வளவு வயது என்ற கேள்வியே எழாது. வெறும் வடிவியல் போதும்.

கஷ்டம் என்னவென்றால் கோணம் படுசிறியது. 1838இல் பிரெடரிக் பெசல் அன்னம் விண்மீன் குழுவிலுள்ள 61 சிக்னியின் இடமாற்றத்தை 0.31 வில்விநாடி என்று அளந்தார். இது மிக அருகில் உள்ள விண்மீன்களில் ஒன்று, 11 ஒளியாண்டுதான். பால்வெளியின் மையத்துக்கு அருகில் உள்ள ஒரு விண்மீனுக்கு இதே கோணம் சுமார் 0.00012 வில்விநாடி, அதாவது 120 மைக்ரோ வில்விநாடி. காற்றுமண்டலத்தின் நடுக்கமே இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அதனால்தான் விண்வெளிக்குப் போகவேண்டி வந்தது. ஹிப்பார்கோஸ் ஏறத்தாழ 1,18,000 விண்மீன்களை மில்லி வில்விநாடித் துல்லியத்தில் அளந்தது. அதுவும் அதன் கடைசிக்கட்ட மோட்டார் இயங்காமல் தவறான சுற்றுப்பாதையில் சிக்கிக்கொண்ட நிலையில்! அந்தக் குழுவின் விடாமுயற்சியைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இரண்டு கண்கள், ஒரு கோணம்

வானியலாளர்கள் லென்னார்ட் லிண்டெக்ரென், மைக்கேல் பெரிமன் இருவரும் 1993இல் கையாவுக்கான யோசனையை முன்வைத்தார்கள். 2000இல் ஐரோப்பிய முகமை ஒப்புதல் தந்தது. இந்த வடிவமைப்பில் உள்ள ஒரு நுட்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஒரு தொலைநோக்கியால் வானத்தின் ஒரு சிறிய பகுதியைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள எல்லா விண்மீன்களும் ஆண்டு முழுக்க ஒரே தாளத்தில், ஒரே திசையில் அசையும். அருகில் உள்ளது அதிகமாக, தொலைவில் உள்ளது குறைவாக. நம்மால் அளக்க முடிவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. பின்னணி விண்மீன்களும் கொஞ்சம் அசைகின்றனவே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு? அதை ஊகிக்கத்தான் வேண்டும். தரையிலிருந்து செய்த அளவீடுகள் அனைத்தும் இந்த ஊகத்தைச் சுமந்தே வந்தன.

கையாவில் இரண்டு தொலைநோக்கிகள். ஒவ்வொன்றின் முதன்மைக் கண்ணாடியும் 1.45 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். இரண்டும் ஒன்றுக்கொன்று 106.5 பாகை விலகிய திசைகளைப் பார்க்கின்றன. ஆனால் இரண்டின் பிம்பமும் ஒரே தளத்தில், கிட்டத்தட்ட நூறு கோடிப் படப்புள்ளிகள் கொண்ட 106 சிசிடிகளின் (ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுகளின்) மேல் விழுகிறது. வானத்தில் இவ்வளவு விலகி இருக்கும் இரண்டு பகுதிகளில் ஒரே நேரத்தில் இடமாற்றத்தின் அளவும் திசையும் வேறுவேறாக இருக்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் பின்னணியை ஊகிக்கவேண்டிய தேவை போய்விடுகிறது. ஒவ்வொரு விண்மீனின் இடமாற்றமும் முழுசாக, எதையும் சாராமல் கிடைக்கிறது.

கலம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் விண்மீன்களின் பிம்பம் சிசிடியின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுக்க எதையும் நிறுத்துவதில்லை. பிம்பம் நகரும் அதே வேகத்தில் சிசிடியில் சேரும் மின்னூட்டமும் படப்புள்ளி படப்புள்ளியாக நகர்த்தப்படுகிறது. ஒரு சிசிடியைக் கடக்க சுமார் 4.4 விநாடி. கடந்து முடிந்த அந்தக் கணத்தின் நேரம்தான் அளவீடு. கோணத்தை அளக்கும் வேலை இங்கே கடிகாரத்தைப் படிக்கும் வேலையாக மாறிவிடுகிறது. சுற்றும் அச்சும் மெல்லத் திரும்புவதால் ஒரே விண்மீன் பல கோணங்களில், ஐந்து ஆண்டில் சராசரியாக எழுபது முறை அளவில் இந்தத் தளத்தைக் கடந்துபோகும்.

முழுப் படங்களைப் பூமிக்கு அனுப்பப் போதிய தொடர்பு வசதி இருக்கவில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றக்கூடிய இரண்டாம் லக்ராஞ்சுப் புள்ளியில் அல்லவா இருந்தது! எனவே எது விண்மீன் என்று கலமே முடிவு செய்து, அதைச் சுற்றியுள்ள சின்னச் சன்னலை மட்டும் வெட்டி அனுப்பியது.

நிலைத்திருக்க வேண்டிய கோணம் அசைந்தது

2014இல் சோதனை ஓட்டம் தொடங்கியதும் மூன்று சிக்கல்கள் தலைகாட்டின. கண்ணாடிகளில் நீராவி உறைந்து பனி படிந்தது. சூடாக்கி உருக வைத்தார்கள், திரும்பப் படிந்தது, மறுபடி சூடாக்கினார்கள். பத்து மீட்டர் விட்டமுள்ள சூரியக் கேடயத்தின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருந்த இழைகள் சூரிய ஒளியைச் சிதறடித்து உள்ளே விட்டன. இதனால் மங்கலான விண்மீன்களின் அளவீட்டில் துல்லியம் குறைந்தது. இரண்டும் தொல்லைதான், ஆனால் சமாளிக்கக்கூடியவை.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. 106.5 பாகைக் கோணம் மாறவே கூடாது என்பதற்காகத்தான் கலத்தின் உள்சட்டத்தைச் சிலிக்கான் கார்பைடில் செய்திருந்தார்கள். வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரியும் பொருள் அது. அப்படியும் கோணம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கியது. வீச்சு சுமார் ஒரு மில்லி வில்விநாடி. கையா தர வேண்டிய துல்லியமோ அதில் நூற்றில் சில பங்கு. 1000 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் ஒரு தலைமுடியின் தடிமன் எவ்வளவு கோணத்தில் தெரியுமோ, அந்த அளவு.

நல்லவேளையாக, கோணத்தைக் கண்காணிக்கவே ஒரு லேசர் குறுக்கீட்டுக் கருவியை உள்ளே வைத்திருந்தார்கள். அது கோணத்தின் மாற்றத்தை மைக்ரோ வில்விநாடி அளவில் பதிந்துகொண்டே வந்தது. அந்தப் பதிவைக் கொண்டு திருத்தினார்கள். அது மட்டுமல்லாமல், எல்லா விண்மீன்களின் அளவீடுகளையும் மொத்தமாகப் போட்டு, விண்மீன்களின் இடம், கலத்தின் நோக்குநிலை, கருவியின் நெளிவு ஆகிய மூன்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில் தீர்த்தார்கள். கருவியைச் சரிபார்க்க வானமே உதவுகிறது என்று சொல்லலாம். ஐரோப்பா முழுக்க ஏறத்தாழ 450 பேர் சேர்ந்து இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

ஆனால் ஒரு வகைப் பிழை மட்டும் இந்த வலையிலிருந்து நழுவிவிடும். இடமாற்றம் எப்போதும் சூரியனின் திசையை ஒட்டியே நிகழ்கிறது. கோணம் ஏறி இறங்குவதும் சூரிய வெப்பம் எந்தப் பக்கம் படுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் ஒரே தாளத்தில் ஓடினால், கோணத்தின் அசைவில் ஒரு பகுதி, எல்லா விண்மீன்களும் ஒரே அளவு கூடுதலாகவோ குறைவாகவோ இடமாறியதைப் போலவே தோற்றமளிக்கும். உள்ளிருந்து பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி குவேசார்கள், அதாவது தொலைதூர விண்மீன் திரள்களின் மிகப் பிரகாசமான மையங்கள். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால் அவற்றின் உண்மையான இடமாற்றம் பூஜ்யம் என்றே கொள்ளலாம். கையா அளந்த லட்சக்கணக்கான குவேசார்களை எடுத்துப் பார்த்தபோது சராசரி பூஜ்யமாக வரவில்லை. 2018 ஏப்ரலில் வந்த இரண்டாம் தரவு வெளியீட்டில் −29 மைக்ரோ வில்விநாடி. 2020 டிசம்பரில் வந்த மேம்பட்ட வெளியீட்டில் −17. விண்மீனின் பிரகாசம், நிறம், வானில் அதன் இடம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறவும் செய்கிறது. அதற்கான திருத்தச் சூத்திரத்தையும் அவர்களே வெளியிட்டார்கள். ஒரு திட்டம் தன் தரவை வெளியிடும் அதே நாளில், அது எவ்வளவு தப்பு, எந்தத் திசையில் தப்பு என்றும் சொல்வதைத்தான் நான் நேர்மையான அறிவியல் என்பேன்.

கார்த்திகைக்கு வருவோம். 2014இல் ரேடியோ தொலைநோக்கிகளின் வலையமைப்பு அதை 136 பார்செக் என்று அளந்தது. கையாவும் அதே 136ஐ ஒட்டியே சொன்னது. விண்மீன் கோட்பாடு தப்பித்தது. ஹிப்பார்கோஸின் தரவு அந்தச் சிறிய பகுதியில் மட்டும் ஒன்றையொன்று சார்ந்த பிழைகளால் சாய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து.

வரைபடத்திலிருந்து இயற்பியல்

இடம், தூரம் இரண்டோடு கையா அசைவையும் தருகிறது. வானத்தின் குறுக்கே விண்மீன் நகரும் வேகம், ஏறத்தாழ 3.3 கோடி விண்மீன்களுக்குப் பார்வைக்கோட்டில் நகரும் வேகம். மூன்று பரிமாண இடமும் மூன்று பரிமாண வேகமும் சேர்ந்தால், ஈர்ப்பு எப்படிச் செயல்படுகிறது என்று கேட்கத் தொடங்கலாம்.

2018இல் தெரசா அந்தோஹாவும் அவருடைய குழுவும் ஒரு எளிய வரைபடம் போட்டார்கள். சூரியனின் அக்கம்பக்கத்தில் உள்ள விண்மீன்களை எடுத்துக்கொண்டு, பால்வெளித் தட்டின் நடுத்தளத்திலிருந்து அவை எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கின்றன என்பதை ஓர் அச்சிலும், மேலும் கீழுமான வேகத்தை இன்னோர் அச்சிலும் குறித்தார்கள். எதிர்பார்த்தது மொழுக்கென்ற ஒரு நீள்வட்டப் புள்ளிக் குவியல். கிடைத்தது நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள்.

அதன் பொருள் இதுதான். தட்டின் ஈர்ப்பு விண்மீனைக் கீழே இழுக்கிறது, அது நடுத்தளத்தைக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்புகிறது. அதிக உயரம் போகிற விண்மீன் திரும்பிவர அதிக நேரம் எடுக்கும். ஏதோ ஒரு காலத்தில் எல்லா விண்மீன்களுக்கும் ஒரே உதை கிடைத்திருந்தால், வேகமாக ஆடுபவை முன்னே போக, மெதுவாக ஆடுபவை பின்தங்க, வரைபடத்தில் ஒரு சுருள் உருவாகி நாளாக நாளாக இறுகும். எத்தனை சுற்று இறுகியிருக்கிறது என்று எண்ணினால் உதை விழுந்த காலம் தெரியும். 30 கோடி முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் என்று கணக்கு வந்தது. நம்மைச் சுற்றிவரும் தனுசுக் குறுந்திரள் என்ற சிறிய விண்மீன் திரள் அருகில் வந்து போனதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே உதையா, பல உதைகளா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியிருந்தாலும் ஒன்று தீர்ந்தது: பால்வெளித் தட்டு சமநிலையில் இல்லை. தட்டு அமைதியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அதில் எவ்வளவு கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) இருக்கிறது என்று பல ஆண்டுகள் கணக்கிட்டுவந்தோம். அந்த அடிப்படையையே இப்போது மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் அமினா ஹெல்மி குழுவும் வசிலி பெலோகுரோவ் குழுவும் தனித்தனியே இன்னொன்றைக் கண்டார்கள். சூரியனுக்கு அருகில் வந்துபோகும் பழைய விண்மீன்களில் ஒரு பெருங்கூட்டம், மையத்தை நோக்கிப் பாய்ந்து திரும்பும் மிக நீண்ட பாதைகளில் செல்கிறது. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளி விழுங்கிய ஒரு தனி விண்மீன் திரளின் எச்சம் அது. கையா–என்சலடஸ் என்று பெயர்.

இயற்பியல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெண்குள்ள விண்மீன்கள். எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம் ஆறிக்கொண்டே வரும்போது, அதன் கார்பன், ஆக்சிஜன் உள்ளகம் ஒரு கட்டத்தில் உறைந்து படிகமாகும், அப்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும் என்று 1968இல் ஹியூ வான் ஹார்ன் கணித்தார். சரி, அதை எப்படிப் பார்ப்பது? வெப்பம் வெளிவந்தால் ஆறுவது தாமதப்படும். அப்படியானால் குறிப்பிட்ட நிறத்திலும் பிரகாசத்திலும் விண்மீன்கள் தேங்கி நிற்கவேண்டும். அதைக் காண உண்மையான பிரகாசம் தெரியவேண்டும், அதற்குத் தூரம் தெரியவேண்டும். 2019இல் பியர்–இம்மானுவேல் டிரம்ப்ளே குழு, 100 பார்செக்குக்குள் உள்ள ஏறத்தாழ 15,000 வெண்குள்ளன்களைக் கையா தரவிலிருந்து எடுத்து வரைந்தது. கணித்த இடத்திலேயே தேக்கம் இருந்தது. பூமியில் எந்த ஆய்வகத்திலும் உண்டாக்க முடியாத அடர்த்தியில் ஒரு பொருள் உறைவதை, அதன் உள்ளே போகாமல், தூரத்தை மட்டும் அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்!

இவற்றோடு கருந்துளைகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றைச் சுற்றித் தள்ளாடும் விண்மீன்களைக் கையா காட்டிக்கொடுத்தது. 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட மூன்றாவது, கழுகு விண்மீன் குழுவில் ஏறத்தாழ 2,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. சூரியனைப்போல் 33 மடங்கு நிறை. விண்மீன் வெடித்துப் பிறந்த கருந்துளைகளில் பால்வெளியில் இதுவரை கண்டவற்றுள் இவ்வளவு நிறையுள்ளது வேறில்லை.

சூரியனின் முடுக்கம்

இதைத் தனியாகவே சொல்லவேண்டும். சூரியன் பால்வெளி மையத்தைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வட்டப்பாதை என்பதால் அது எப்போதும் மையத்தை நோக்கி முடுக்கப்படுகிறது. எவ்வளவு? வேகத்தின் இருமடியைத் தூரத்தால் வகுத்தால் போதும்: விநாடி இருமடிக்கு ஒரு மீட்டர் என்ற அலகில் ஆயிரம் கோடியில் 2.3 பங்கு. ஓராண்டு முழுக்கச் சேர்ந்தாலும் வேகத்தில் விநாடிக்கு 7 மில்லிமீட்டர்தான் மாற்றம்.

நாம் நகரும்போது தொலைவிலுள்ள பொருள்களின் தோற்ற நிலை நம் வேகத்தின் திசையை நோக்கிச் சற்றே சாயும். நம் வேகம் மாறினால் சாய்வும் மாறும். ஆகவே சூரியன் முடுக்கப்பட்டால், வானம் முழுக்க உள்ள குவேசார்கள் பால்வெளி மையத்தை நோக்கி மிக மெதுவாக ஊர்வதுபோல் தெரியவேண்டும். கையா குழு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்களை எடுத்துப் பார்த்தது. ஊர்ந்தன. ஆண்டுக்கு 5 மைக்ரோ வில்விநாடி, திசை மையத்தை நோக்கியே. அதிலிருந்து கிடைத்த முடுக்கம் 2.32, அதே ஆயிரம் கோடியில்.

பால்வெளியின் நிறை எவ்வளவு, கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்ற எந்த மாதிரியையும் நம்பாமல், ஈர்ப்பின் இழுவையை நேரடியாக அளந்தது இது. தனித்தனியே பார்த்தால் எந்தக் குவேசாரின் அசைவும் நம்பும்படி இருக்காது. பிழை அசைவைவிடப் பல மடங்கு பெரியது. எண்ணிக்கை சேர்ந்தபோதுதான் தெரிந்தது. 180 கோடி என்ற எண்ணுக்கு உண்மையான மதிப்பு இந்த மாதிரி இடங்களில்தான்.

17 மைக்ரோ வில்விநாடியும் பிரபஞ்ச விரிவும்

பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில் இரண்டு அளவுகள் ஒத்துப்போவதில்லை. பிளாங்க் விண்கலத்தின் ஆதிகால ஒளிப் பதிவிலிருந்து 67.4, செபீட் மாறொளி விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் படிப்படியாகப் பயன்படுத்தி ஆடம் ரீஸ் குழு கண்டது ஏறத்தாழ 73. அலகு, ஒரு மெகாபார்செக்குக்கு (பத்து லட்சம் பார்செக்குக்கு) விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர். வித்தியாசம் 8 சதவீதம். புதிய இயற்பியல் தேவையா என்று உலகமே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி.

இப்படிப் படிப்படியாக ஏறும் தூர ஏணியின் முதல் படிகளில் ஒன்று நம் பால்வெளியில் உள்ள செபீட்களின் தூரம். அவை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆயிரம் பார்செக் தள்ளி இருப்பவை, இடமாற்றம் 400 மைக்ரோ வில்விநாடி வாக்கில். அதில் 17 என்பது 4 சதவீதம். பழைய 29 என்றால் 7 சதவீதம். சண்டையின் மொத்த அளவே 8 சதவீதம் என்னும்போது, கலத்துக்குள் ஒரு கோணம் வெப்பத்தால் அசைந்ததைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிரகாசமான செபீட்களுக்குக் கையாவின் திருத்தச் சூத்திரம் சற்று அதிகமாகவே திருத்திவிடுகிறது என்றும், மீதம் ஏறத்தாழ 14 மைக்ரோ வில்விநாடி என்றும் ரீஸ் குழு தன் பகுப்பாய்வில் கண்டு அதையும் கணக்கில் சேர்த்தது. அதற்கு அப்புறமும் 73 நகரவில்லை. முரண்பாடு அப்படியே நிற்கிறது, ஆனால் இந்தப் படியில் ஒளிந்துகொள்ள அதற்கு முன்புபோல் இடமில்லை.

தரவைப் பயன்படுத்துபவர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கையா தருவது தூரத்தை அல்ல, இடமாற்றத்தை. ஒன்றை அதனால் வகுத்தால் தூரம் என்ற பள்ளிச் சூத்திரம் பிழை சிறியதாக இருக்கும்வரை செல்லும். மங்கலான விண்மீன்களுக்குப் பிழை அரை மில்லி வில்விநாடி வரை போகிறது. தொலைவில் உள்ள விண்மீனின் உண்மையான கோணம் அதைவிடச் சிறியது. அளந்த எண் சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே விழும். எதிர்மறை இடமாற்றம் என்று பட்டியலில் பார்த்துவிட்டுத் தரவு கெட்டுவிட்டது என்று அந்த வரிசைகளையே நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு பக்கப் பிழையை மட்டும் தூக்கிப்போட்டு மறுபக்கத்தை வைத்துக்கொள்கிறோம், சராசரியே சாய்ந்துவிடும். அந்த எதிர்மறை எண்களிலும் தகவல் இருக்கிறது. புள்ளியியல் முறைப்படி, பிழையின் பரவலோடு சேர்த்துத்தான் தூரத்தை மதிப்பிடவேண்டும்.

தூசும் மறுபக்கமும்

ஹெர்ஷலை ஏமாற்றிய தூசு இப்போது தானே வரைபடத்துக்குள் வந்துவிட்டது. தூசு விண்மீனின் ஒளியைச் சிவப்பாக்கும். எந்தத் தூரத்திலிருந்து சிவப்பு கூடுகிறது என்று பார்த்தால் தூசு மேகம் இருக்கும் தூரம் தெரிந்துவிடும். இப்படித்தான் 2020இல் சூரியனிலிருந்து வெறும் 500 ஒளியாண்டு தூரத்தில், 9,000 ஒளியாண்டு நீளத்துக்கு மேலும் கீழும் நெளிந்து கிடக்கும் வாயு மேக வரிசையொன்று புலப்பட்டது. ராட்கிளிஃப் அலை என்று பெயரிட்டார்கள். ஓரியன் உட்பட நமக்கு நன்றாகத் தெரிந்த விண்மீன் பிறப்பிடங்கள் அதன் மேல்தான் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இவற்றையெல்லாம் நம்மைச் சூழ்ந்த ஒரு வளையம் என்று எண்ணிவந்தோம். ஆழம் தெரிந்ததும் வளையம் கலைந்துபோனது. அந்த அலை உண்மையாகவே மேலும் கீழும் ஆடுகிறது என்று 2024இல் காட்டினார்கள்.

ஆனாலும் கையா கண்ணுறு ஒளியில் பார்க்கும் கருவி. பால்வெளி மையத்தின் திசையில் தூசு அதை மறைத்துவிடுகிறது. மறுபக்கத்தைக் காண இன்றைக்கு ரேடியோ அலைகள்தான் கதி. பெருவிண்மீன்கள் பிறக்கும் இடங்களில் இயற்கையாக உண்டாகும், லேசர் போன்ற நுண்ணலைக் கதிர்களான மேசர் ஒளிர்வுகளின் இடமாற்றத்தைக் கண்டம்விட்டுக் கண்டம் பரவிய ரேடியோ தொலைநோக்கிகள் அளக்கின்றன. 2017இல் அப்படியொன்றை 66,000 ஒளியாண்டு தூரத்தில், மையத்துக்கும் அப்பால் அளந்தார்கள். அதே சமயம் மேசர்களின் எண்ணிக்கை சில நூறைத் தாண்டவில்லை. அதனால் சுருள் கரங்களின் மறுபாதியை நாம் இன்னமும் பெரும்பாலும் ஊகத்தில்தான் வரைகிறோம். கோடிக்கணக்கான விண்மீன்களோடு அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் அகச்சிவப்பில் பார்க்கும் கையா போன்ற ஒரு கலம் வேண்டும். ஐரோப்பிய வானியலாளர்கள் அதற்கான யோசனையை முன்வைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போடக்கூடாது என்பதே என் கருத்து. கையா எழுதிய விண்மீன் நிலைகள் ஆண்டு ஆண்டாகப் பழசாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விண்மீனின் வேகத்திலும் உள்ள சின்னப் பிழை, காலம் போகப்போக அதன் இடத்தில் பெரிய பிழையாக வளரும்.

முடிந்ததும் முடியாததும்

2024 ஏப்ரலில் மணலைவிடச் சிறிய ஒரு துகள் மோதி கலத்தின் பாதுகாப்பு உறையில் ஓட்டை விழுந்தது. அடுத்த மாதம் சூரியப் புயல் வீசிய சமயத்தில் ஒரு சிசிடியின் மின்னணுப் பகுதி பழுதாகி, இல்லாத விண்மீன்களை ஆயிரக்கணக்கில் கண்டதாகக் கலம் சொல்லத் தொடங்கியது. தரையிலிருந்து மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அதன்பிறகும் அளந்தது. நிலைப்பாட்டைக் காக்கும் நைட்ரஜன் வாயு தீர்ந்துவரவே 2025 மார்ச் 27 அன்று சூரியனைச் சுற்றும் வேறொரு பாதைக்கு அனுப்பி அணைத்துவிட்டார்கள்.

தரவு மட்டும் பாதிக்கு மேல் வெளிவராமல் இருக்கிறது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் மூன்றாம் வெளியீடு 34 மாத அளவீடுகளைக் கொண்டது. நான்காவதை 2026 டிசம்பரில் வெளியிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் 66 மாதம். காலம் ஏறக்குறைய இரட்டிப்பானால் இடமாற்றத்தின் துல்லியம் 1.4 மடங்குதான் கூடும். ஆனால் வானில் நகரும் வேகத்தின் துல்லியம் 2.7 மடங்கு கூடும், ஏனெனில் அங்கே அளவீடுகளின் எண்ணிக்கையோடு கால இடைவெளியும் சேர்ந்து உதவுகிறது. முக்கியமாக, ஒவ்வொரு விண்மீனுக்கும் சராசரியோடு நிற்காமல், கடந்துபோன ஒவ்வொரு முறையும் பதிந்த தனி அளவீடுகளையும் முதன்முறையாகத் தரப்போகிறார்கள். தள்ளாடும் விண்மீன்களையும் அவற்றைத் தள்ளாடவைக்கும் கோள்களையும் கருந்துளைகளையும் யார் வேண்டுமானாலும் தேடலாம். பத்தரை ஆண்டுகளின் மொத்தத் தரவும் ஐந்தாம் வெளியீட்டில்தான் வரும்.